உப்புத் தொட்டி

தகரக் குத்திகளுக்குள் நல்ல தண்ணி.
சுற்றிவர உப்புத் தண்ணி, பூச்சியத்துக்குக் கீழே எட்டு.
தான் உறையாமல் நின்று
மற்றதை உறையவைப்பது உப்பின் வேலை.
பதினொரு வருசமாய் இந்தப் பலகைகளின்மேல் நடக்கிறேன்.
குருநகர் ஐஸ் கொம்பனியில்
அமோனியா மணக்காத மூக்கு எனக்கு மட்டும்தான்.

இரவு ஒன்றே கால்.
றெஜினோல்டின் குரல் போனுக்குள் வந்து விழுகிறது,
மூன்று நாள் பிந்தி.
பாசையூரில் என்னோடு நண்டு வலை கழற்றியவன்.
இப்போது தென் துருவத்துக்குப் பக்கத்தில்
கிறில் அள்ளும் கப்பலில்.

"மச்சான், எங்கட கூனிதான்டா.
கொஞ்சம் பெரிசு. சிவப்பு. கறுத்த கண்.
இதைத்தான் திமிங்கிலம் தின்னுது, பென்குயின் தின்னுது,
கடல்நாய் தின்னுது.
இப்ப நாங்களும்."

பின்னால் அவன் எஞ்சின் இரைகிறது.
இங்கே என் கொம்பிரசர்.

"ஐஸுக்கு அடியில புல் முளைக்குமாம்.
கப்பலில ஒரு ஆராய்ச்சிப் பெட்டை சொன்னவ.
தலைகீழ்ப் புல். பாசி.
கூனிக் குஞ்செல்லாம் மாரி முழுக்க
மல்லாந்து கிடந்து சுரண்டித் தின்னுமாம்.
இந்தமுறை ஐஸ் பிந்தி வந்து முந்திப் போட்டுது.
இப்ப வலையில பாதி சொறி மாதிரி ஒரு சாமான்,
கண்ணாடிக் குழாய், சத்தில்லாதது.
அதைத் திண்டு பென்குயினுக்கு வயிறு நிரம்பாது."

கேட்டபடி ஒரு குத்தியைத் தூக்கி
கிணற்றுத் தண்ணியில் முக்குகிறேன்.
பார் கழன்று சறுக்குகிறது.
நடுவில் ஒரு வெள்ளை நரம்பு:
உறையும் தண்ணி கடைசியாய் விட்ட மூச்சு.

கடல் உறையும்போது உப்பை வெளியே தள்ளுமாம்.
தள்ள முடியாமல் போனது
மயிரளவு ஓட்டைகளில் தங்குமாம்.
பாசி குடியிருப்பது அதற்குள்ளே.
என்னுடைய பார்களில் ஒருவரும் குடியிருப்பதில்லை.
சுத்தம். அதற்குத்தான் காசு.

எனக்குத் தெரிந்தது ஒன்று,
அந்தப் பெட்டைக்கும் தெரிந்திருக்கும்:
குளிரை யாரும் செய்வதில்லை.
சூட்டைத் துரத்துகிறோம், அவ்வளவுதான்.
நான் துரத்தும் சூடு
பின்வாய்க்காலில் வெதுவெதுப்பாய் ஓடிக்
கடலேரிக்குள் இறங்குகிறது.
அந்த இடத்தில் மணலை நிற்காது.
ஊருலகம் துரத்திய சூடு முழுக்க
எந்த வாய்க்காலால் போயிருக்கும்?
கடல்தான் வாங்கி வைத்திருக்கிறது,
கணக்குக் கேட்காத கடன்காரனைப் போல,
இவ்வளவு நாளும்.

இரண்டரைக்குக் கரண்ட் போனது.
இருட்டில் தொட்டி
மெல்ல, ஒரு சொட்டுச் சத்தத்தோடு,
இளகத் தொடங்குகிற நேரம்
குரலின் மிச்சத்தைக் கேட்டேன்.

"ஒரு குடாவில, மச்சான்,
குஞ்சுகளுக்குத் தண்ணி தாங்கிற இறகு முளைக்கமுந்தி
காலுக்குக் கீழ ஐஸ் உடைஞ்சு போச்சாம்.
எத்தினை குஞ்சு எண்டு கேட்டன்.
படத்தில எண்ணிக்கொண்டிருந்தவ,
சொல்லேல்லை.
பிறகு நாங்கள் வலை இறக்கினம்."

வீட்டு அலுமாரியில் ஒரு போத்தல் நிற்கிறது.
ஒஸ்லோவிலிருந்து தங்கச்சி அனுப்பியது.
சிவந்த எண்ணெய்க் குளிசை, நெஞ்சுக்கு நல்லதாம்.
பாதி முடித்துவிட்டேன்.
றெஜினோல்டுக்கு இதைச் சொல்லவில்லை.
அவனுக்கும் சம்பளம் வேணும்.

நாலு மணிக்கு மரியசீலன் லான்ட்மாஸ்ரரோடு வந்தார்.
முந்தி பத்துப் பார் போதும் என்பவர்
இப்போது பதினெட்டுக் கேட்கிறார்.
மீன் கூடவில்லை.
ஒன்பது மணிக்கே செவிள் வெளுக்கிற வெயில்.

ஒரு பாரைக் காலால் தட்டிப் பார்த்தார்.
"என்ன தம்பி, சின்னனாக் கிடக்கு?"

"எல்லா இடத்திலையும் இப்ப
இப்பிடித்தான் அண்ணை."

"நான் உன்ர ஐஸைப் பற்றித்தான் கேட்டனான்"
என்றார்,
இருநூறு ரூபாயைக் குறைத்துத் தந்துவிட்டு,
சாக்கால் மூடி,
ஈரம் ஒழுக ஒழுக
கடற்கரை வீதியால் போனார்.